ரோசனைக்கு யார் காதுகொடுப்பது?

கயத்தாறு பக்கம் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பிரஷருக்குப் போடும் மாத்திரையும் மருந்துதான். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கிற பூச்சிக்கொல்லியும் மருந்துதான். “மருந்தடிக்கப் போயிருக்காக” என்றால் ஆள் புஞ்சையில் இருக்கிறார். “மருந்தைக் குடிச்சிட்டாக” என்றால் தெருவே எழுந்து ஓடும். இந்த இரண்டு மருந்தும் ஒரே பரணில், ஒரே மஞ்சள் பைக்குள் கிடக்கும் வீடுகள் உண்டு. மனநலம் பற்றிப் பேசக் கரிசலுக்கு வருகிறவர்கள் இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர்களை அந்த வட்டாரம் நன்றாகவே அறியும். வயது ஐம்பத்தைந்து. நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம், கார்த்திகை மழை ஏமாற்றியதில் கருது பிடிக்காமல் நின்றுவிட்டது. மிச்சத்தைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. மூன்று வாரமாக அவருக்கு உறக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.

“என்ன செய்யுது அண்ணாச்சி?” என்று நர்ஸம்மா கேட்கிறார்.

“தலை கிறுகிறுன்னு வருது தாயி. நெஞ்சு படபடங்கு. ராத்திரி கண்ணு மூட மாட்டேங்கு.”

பிரஷர் பார்க்கிறார்கள்; கொஞ்சம் கூடுதல். ஓர் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, யாரிடமும் சொல்வதாக இல்லாமல், “ஒரே ரோசனையா இருக்கு” என்கிறார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாயிற்று.

யோசனைதான் கரிசல் வாயில் ரோசனை. இந்த இடத்தில் அது திட்டம் போடுவதைக் குறிப்பதில்லை. செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றிக்கொண்டு, எண்ணெயும் வராமல் நிற்கவும் முடியாமல் கிடக்கிற மனதைக் குறிக்கிறது. கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். இந்தப் பகுதிக்கு வேலைக்கு வரும் ஒவ்வொரு மனநல ஆலோசகரின் மேசையிலும் அந்த அகராதி இருப்பது நல்லது. ஏனென்றால் இங்கே ‘டிப்ரஷன்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. கிறுகிறுப்பு, படபடப்பு, மேல்வலி, பசியின்மை, ரோசனை என்றுதான் வருகிறார்கள்.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே மக்கள் பேசும் ஷோனா மொழியிலும் இதற்கு ஒரு சொல் உண்டு: ‘குஃபுங்கிசிசா’. மிதமிஞ்சி யோசிப்பது என்று பொருள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரில் ஒரு வேலையைத் தொடங்கியபோது, புதிதாக எந்த நோய்ப்பெயரையும் மக்கள் தலையில் சுமத்தவில்லை. இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். சுகாதாரப் பணியில் இருந்த 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு மரப்பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். ரோசனை உள்ளவர் வந்து பக்கத்தில் உட்காருவார். இருக்கிற பிரச்சினைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். மொத்தம் ஆறு சந்திப்பு. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் மிச்சமிருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் அது 14 ஆக இருந்தது.

நம் ஊர் மந்தைகளிலும் கல்பெஞ்சுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே நடப்பது வேறு.

தமிழ்நாட்டில் ‘கவுன்சலிங்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரிச் சீட்டு. அடுத்தது ஆசிரியர் இடமாறுதல். மனம் சம்பந்தமாக அந்தச் சொல் வரும்போது ‘புத்தி சொல்வது’ என்று பொருள் மாறிவிடுகிறது. “நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க சார்” என்று பிள்ளையைக் கூட்டி வருகிற தகப்பனார் அதைத்தான் எதிர்பார்க்கிறார். புத்தி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மாமா சொல்வார், வாத்தியார் சொல்வார், சாமியாடி சொல்வார், டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் சொல்வார். கேட்கத்தான் ஆள் இல்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘நோயாளி’ என்ற சொல்லைத் தவிர்த்தார். வந்தவரை எடைபோடாமல், அவர் நிற்கும் இடத்திலிருந்தே உலகத்தைப் பார்த்து, பொறுமையாகக் கேட்பதே சிகிச்சையின் பெரும்பகுதி என்பது அவர் கட்சி. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது அசையவில்லை.

ஆனால் கேட்பது என்பது தொடக்கம். அடுத்து என்ன செய்வது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. கரிசல் பூமிக்கு வந்து சேரும் மனநல ஆலோசனையின் பெரிய குறை இதுதான்: எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை. கடன்பட்ட சம்சாரிக்கும், குடிக்கிற லாரி டிரைவருக்கும், தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கும், பிளஸ் டூ மாணவிக்கும் ஒரே பத்து நிமிடம், ஒரே ‘பாசிட்டிவா யோசிங்க’.

அந்த ஐம்பத்தைந்து வயதுக்காரரையே எடுத்துக்கொள்வோம். இன்று உலகெங்கும் அதிகம் கற்பிக்கப்படும் பேச்சுச் சிகிச்சை, ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய முறை. மனச்சோர்வில் இருப்பவரின் எண்ணங்கள் கோணலாகின்றன. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது போன்ற எண்ணத்தைப் பிடித்து, அதற்கு என்ன ஆதாரம் என்று சோதித்து நேராக்க வேண்டும் என்பது அதன் சாரம். படித்த, நகரத்து, மாதச் சம்பளக்காரர் பலருக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ‘தையில் கடனை அடைக்க முடியாது’ என்று சம்சாரி நினைத்தால் அது கோணலான எண்ணம் ஆகுமா? அது கணக்கு. 2018-இல் அமெரிக்கன் படைப்புழு மக்காச்சோளத்தில் இறங்கியபோது எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கு உண்மையானது. அவரிடம் போய் “உங்கள் எண்ணத்தை மாற்றிப் பாருங்கள்” என்பது கிட்டத்தட்ட அவமதிப்பு. அவருக்கு வேண்டியது ஹராரே பாட்டிகளின் வழி: எந்தக் கடன் முதலில் கழுத்தை நெரிக்கிறது, கூட்டுறவுச் சங்கத்துக் கடனா, கந்துவட்டியா? பயிர்க் காப்பீட்டுக்குப் பதிந்தாரா? அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.விடம் யார் கூடப் போவது? இதெல்லாம் சிகிச்சையா என்று கேட்கலாம். சிகிச்சைதான். ரோசனையின் சுழலில் ஓர் இழையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டால் அன்றிரவு இரண்டு மணி நேரமாவது கண் அசரும்.

கூடவே இன்னொன்று. மனம் சோர்ந்தவர் முதலில் கைவிடுவது நடமாட்டத்தை. புஞ்சைப் பக்கம் போக மாட்டார், மந்தைக்கு வர மாட்டார், சாவு வீட்டுக்குக்கூடத் தலைகாட்ட மாட்டார். கடன் கொடுத்தவர் அங்கே இருப்பாரே. நடமாட்டம் குறையக் குறையச் சோர்வு கூடும். சோர்வு கூடக்கூட நடமாட்டம் குறையும். இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உடைப்பது ஒரு முறை. மனம் சரியானதும் எழுந்திருப்போம் என்று காத்திருக்காமல், எழுந்து சின்னச் சின்னக் காரியங்களைச் செய்து மனதைத் தூக்குவது: சாயங்காலம் கண்மாய்க்கரை வரை ஒரு நடை, ஆட்டுக்குக் குழை ஒடிப்பது, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது. கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு இந்த முறையை, உளவியல் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்துபார்த்தது. கடுமையான மனச்சோர்வில் இருந்த 493 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் சோர்விலிருந்து மீண்டவர்கள் வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம். ஆறு முதல் எட்டுச் சந்திப்பு, ஒவ்வொன்றும் அரைமணி சொச்சம். இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை என்பதுதான் கயத்தாறு காதில் விழ வேண்டிய செய்தி.

குடிக்கிறவர் கதை வேறு. சோர்ந்தவர் உதவி வேண்டும் என்றாவது நினைப்பார். குடிப்பவரை மற்றவர்கள்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஊரில் இதற்கு நடைமுறைகள் உண்டு. கோயிலில் கயிறு கட்டுவார்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். சிலருக்கு அது ஒரு மண்டலம் தாங்கும். சிலருக்கு அடுத்த கொடை வரை. சத்தியம் உடைந்ததும் குற்றவுணர்வு, குற்றவுணர்வுக்கு மறுபடி குடி. கண்டித்தால் எதிர்த்து நிற்பதும், விட்டுப்பிடித்தால் தானே யோசிப்பதும் மனித சுபாவம். குடிநோயாளியிடம் வாதாடாதே, ‘குடியால் உனக்கு என்ன நன்மை, என்ன நட்டம்’ என்று அவர் வாயாலேயே சொல்ல வை என்ற முறையை வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்தார். கோவாவில் ஆண்களிடம் இதை ஒட்டிய சுருக்கமான ஆலோசனையைச் செய்துபார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் கடைசி 14 நாளில் குடிக்கவே இல்லை. பெறாதவர்களில் அது 18 சதவீதம்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழர்கள் ‘டி.டி.கே. ஆஸ்பத்திரி’ என்று அறிந்த இடம் அது. அங்கு வந்து ஒரு மாதம் தங்கக் கிராமத்துக் கூலிக்காரரால் முடியாது என்று தெரிந்ததும், அவர்கள் சிகிச்சையைத் தஞ்சைப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சக்குடி கிராமத்தில் முகாம். மருத்துவர்களும் ஆலோசகர்களும் அங்கேயே தங்க, சுற்று வட்டாரத்துக் குடிநோயாளிகள் அங்கேயே தங்கிச் சிகிச்சை பெற்றார்கள். ஊர்ப் பெரியவர்களே ஆட்களை அடையாளம் காட்டினார்கள். முகாம் முடிந்த பின் தொடர்ந்து பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். மனைவிமாருக்குத் தனியாக அமர்வு நடந்தது.

இந்த மனைவிமார் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மனைவி நோயாளியின் துணையாக வருகிறார், வரிசையில் நிற்கிறார், மாத்திரை நேரத்தை மனப்பாடம் செய்கிறார். அவருக்கு என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இரவில் அடி, பகலில் தீப்பெட்டி ஆபீஸ். கட்டை அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு பொழுது ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பொழுது கூலி போச்சு. கயத்தாறிலிருந்து வடக்கே கோவில்பட்டி அரசு மருத்துவமனையும் தெற்கே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர்தான். வரைபடத்தில் அது தூரமே இல்லை. பஸ் நிற்காத உள்கிராமத்திலிருந்து கிளம்பி, ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரம்மாவைப் பார்த்துத் திரும்ப ஒரு முழுநாள் ஆகிறது. ‘வாரம் ஒருமுறை, மொத்தம் பன்னிரண்டு அமர்வு’ என்று புத்தகத்தில் இருப்பது இவருக்குப் பன்னிரண்டு நாள் பட்டினி. இவருக்கான சிகிச்சை, சுயஉதவிக் குழு கூடும் இடத்துக்கு, அது கூடும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். ‘நீங்க என்ன தப்பு செஞ்சீங்க’ என்று தொடங்கக் கூடாது. அடிபடுகிறாரா, இன்றிரவு பாதுகாப்பாகத் தூங்க இடம் இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதைக் கேட்காத ஆலோசனை அவரைத் திரும்ப அந்த வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும்.

தற்கொலை முயற்சி செய்து உயிர் தப்பியவர்கள் தனி வகை. 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவண அமைப்பு. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். முயன்று பிழைத்தவர்கள் இதைப் போலப் பல மடங்கு. வார்டில் அவர்கள் படும் பாடு கொஞ்சமா? வயிற்றைக் கழுவி உயிரைக் காப்பாற்றிய கையோடு வசவும் விழும். பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்துப் பேசுவார்கள். வீட்டாருக்குப் போலீஸ் கேஸ் பயம். ‘தவறுதலாகக் குடித்துவிட்டார்’ என்று எழுதச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய நியாய சம்ஹிதையில் இல்லை. இந்தச் செய்தி கயத்தாறு, கழுகுமலை, கடம்பூர் வரை வந்து சேர்ந்ததா என்பது வார்டுக்குள் போய்க் கேட்டால் தெரியும்.

இவர்களுக்கு எது உதவும்? உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. சென்னைப் பணியை, 1986-இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பார்த்துக்கொண்டார். அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்குக் கூடுதலாக, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்ற விசாரிப்பு. அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிப்பு கிடைத்தவர்களில் அது 0.2 சதவீதம். ஒரு மணி நேரமும் ஒன்பது விசாரிப்பும் எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் தாங்க முடியாத செலவாக இருக்க முடியாது.

சில நேரம் பேச்சைவிடப் பூட்டு உதவும். லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொதுக் காப்பறை கட்டிப் பார்த்தார்கள். வங்கி லாக்கர் மாதிரி வீட்டுக்கொரு பெட்டி, பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர். அடிக்க வேண்டிய அன்று எடுத்துப் போய், மிச்சத்தைத் திரும்ப வைத்துப் பூட்டிவிட வேண்டும். சிறிய முயற்சிதான், 2013-இல் வெளியான ஆய்வறிக்கையும் அதைச் சிறிய முயற்சி என்றே சொல்கிறது. ஆனால் விவசாயிகள் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். விபரீத எண்ணம் பெரும்பாலும் ஒரு கொந்தளிப்பு. சில நிமிடம், சில மணி நேரம். அந்த நேரத்தில் பரணில் டின் இல்லையென்றால் உயிர் தங்கும். இலங்கை இதையே நாடளவில் செய்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில், 1995-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. வேளாண் விளைச்சல் குறையவில்லை. தமிழ்நாட்டிலும் இப்படி ஓர் ஏற்பாட்டை நாம் பார்த்திருக்கிறோம்: பொதுத்தேர்வில் தோற்ற மாணவர் ஓராண்டு காத்திருக்காமல் சில வாரத்திலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற முடிவு, எத்தனை ஆலோசகர்களை நியமித்தாலும் காப்பாற்ற முடியாத பிள்ளைகளைக் காப்பாற்றியது.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ரோசனைக்காரர்கள். ஊர் ‘கோட்டி’ என்று ஒதுக்கி வைக்கிறவர்கள் வேறு. காதில் குரல் கேட்கும், யாரோ சூனியம் வைத்ததாகத் தோன்றும், குளிக்க மறுத்துத் தெருவில் திரிவார்கள். இவர்களிடம் பேச்சு மட்டும் போதாது. மாத்திரை முதலில், பேச்சு அதன் துணைக்கு. ஆனால் வீட்டார் முதலில் போவது கோடாங்கியிடம், கோயிலுக்கு, தர்காவுக்கு. அதைக் கேலி செய்கிற மருத்துவர் நோயாளியை இழந்துவிடுகிறார். திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 பேரை மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க, சுமார் ஆறு வாரம் தங்கி, கோயில் வேலைகளைச் செய்துகொண்டு, யாரும் விரட்டாமல் இருந்தார்கள். நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் தணிந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியில்லாமல் தீயில் மாண்டார்கள். வழிபாட்டுத்தலம் என்ற பெயர் ஒன்றுதான்; ஓர் இடத்தில் அரவணைப்பு, ஓர் இடத்தில் சங்கிலி. எனவே சாமியைத் தடுக்க வேண்டியதில்லை, சங்கிலியைத் தடுக்க வேண்டும். சட்டம் இப்போது எந்த வடிவத்திலும் சங்கிலியைத் தடைசெய்கிறது. ஏர்வாடியிலேயே பின்னர் தர்கா வளாகத்தை ஒட்டி, துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் என்ற திட்டம் வந்தது.

குடும்பத்தை மருத்துவத்துக்குள் சேர்த்துக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பது விதி. உடன் சமைத்து, உடன் உறங்கி, எப்போது மாத்திரை, எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று அவர் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார். மேற்கத்தியச் சிகிச்சை தனிமனிதரை மட்டும் அறைக்குள் அழைக்கிறது. நம் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஐந்து பேர் வேனில் வருகிறார்கள். அந்த ஐந்து பேரை வெளியே நிறுத்துவதா, பயன்படுத்துவதா? இந்த நோயாளிக்குப் பயன்படுத்துவதே சரி.

ஆனால் எல்லோருக்கும் அது சரியல்ல. சாதி மாறிக் காதலிக்கிற பெண்ணை “கவுன்சலிங் குடுத்து மனசை மாத்துங்க” என்று அதே ஐந்து பேர் அதே வேனில் கூட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே நோய் யாருக்கு? ஆலோசகர் யாருக்கு வேலை செய்கிறார்? பணம் கட்டுகிற தகப்பனாருக்கா, தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கா? 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது இந்தத் துறையில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம். ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டார். ஜூன் 7 அன்று தந்த உத்தரவில், ஒருவரின் பாலின ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் அடுத்த ஆண்டு அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆலோசனைக்குப் போக வேண்டியவர், வந்து நிற்பவர்தான் என்பதில்லை. சில நேரம் நாற்காலியில் இருப்பவரும்கூட.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பாட்டியும் பெஞ்சும் உதவாது. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே குழுக் கூட்டம். காலையில் சொன்னது மாலைக்குள் குழாயடிக்கு வந்துவிடும். வேறு சாதி ஆலோசகர் என்றால் வேறு தயக்கம். யார் நாற்காலியில், யார் தரையில் என்ற பழைய வழக்கம் கரிசலில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இவர்களுக்கு முகம் தெரியாத காது வேண்டும். 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416 இரவிலும் பகலிலும் தமிழில் எடுக்கப்படுகிறது. பள்ளிக்கூடச் சுவரிலும், பஸ்ஸுக்குள் சீட்டுக்குப் பின்னாலும், பூச்சிமருந்துக் கடைக் கல்லாவிலும் அந்த எண் இருக்க வேண்டும். இப்போதைக்கு அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் சுவரில்தான் இருக்கிறது. அங்கே வந்துவிட்டவருக்கு அந்த எண்ணின் தேவை பாதி குறைந்துவிட்டது.

ஆள் எங்கிருந்து வருவது என்ற கேள்வி நியாயமானது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரே மாவட்டத்திலுள்ள விளாத்திகுளத்துக்கும் கயத்தாறுக்கும் திருச்செந்தூருக்கும் அதே சில பேர்தான் ஓட வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவர்களைப் பெருக்குவதற்குப் பத்தாண்டுகள் பிடிக்கும். ஆனால் வீடுவீடாகப் போகிற ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் மாதம் தவறாமல் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அந்தச் சகோதரிக்கு வீட்டு நிலவரம் தெரியும், “என்ன மதினி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு?” என்று கேட்கும் உரிமையும் உண்டு. அவர் கையில் இன்னும் இரண்டு மூன்று கேள்விகளைக் கொடுக்கலாம்: உறக்கம் எப்படி? ரோசனை அதிகமா? உயிரோடு இருந்து என்ன என்று தோணுதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகாதா என்ற பயம் பலருக்கு உண்டு. ஆகாது. நேராகக் கேட்டால் பாரம் இறங்குகிறது என்பதே இத்துறையின் நீண்ட அனுபவம்.

ஆனால் இதை இன்னொரு இலவச வேலையாக அவர் தலையில் கட்டிவிடக் கூடாது. கேட்கிறவருக்கும் மனம் உண்டு. பத்து வீட்டு ரோசனையை வாங்கிக்கொண்டு போகிற பெண் எங்கே போய் இறக்கி வைப்பார்? கோவாவிலும் ஹராரேவிலும் வெற்றிக்கு அடிப்படை, அந்த எளிய மனிதர்களை வாராவாரம் கூட்டி வைத்து, ‘இந்த வாரம் எது கடினமாக இருந்தது’ என்று கேட்ட மேற்பார்வைதான். தனி ஊதியம், வாரம் ஒருநாள் உளவியலாளர் மேற்பார்வை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவு மூடக்கூடிய ஓர் அறை ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கினால் ஆறு மாதத்தில் பதிவேட்டில் டிக் அடிக்கும் சடங்காக முடிந்துவிடும்.

கரிசலுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. ஆடிக்காற்றில் கயத்தாறுக் காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றும்போது புஞ்சையில் வேலை குறைவு; குழுப் பெண்களைப் பயிற்சிக்குக் கூட்ட அதுவே தோதான நேரம். புரட்டாசியில் விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கடைகளிலிருந்து மருந்து டின்கள் வீடுகளுக்கு வரும். தையில் வெள்ளாமையின் கணக்கு தெரிந்துவிடும். கடன்காரரும் அப்போதுதான் வாசலுக்கு வருவார். ஆடியில் பயிற்சி தொடங்கினால் ஐப்பசிக்குள் ஒவ்வொரு ஊரிலும் கேட்கத் தெரிந்த ஒருவரும், டின்களைப் பூட்டி வைக்க ஒரு காப்பறையும் இருக்கும்.